மாற்று ஆள் வரும் வரை

ஆங்கிலம்–தமிழ் அகராதியைத் திருத்திப் புதுப்பிக்கிற வேலை டபிள்யூ எழுத்துக்கு வந்துவிட்டால் ஆட்களின் முகத்தில் தானாக ஒரு களை வந்துவிடும். அதற்கப்புறம் மூன்றே எழுத்து, அதிலும் எக்ஸுக்குப் பெரிதாக வேலை கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அகராதிக்காரியின் மேஜைக்கு வந்த சொல் ‘வீக்’. ஏழு நாள், வாரம் என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டிய சொல்தான். ஆனால் இந்தப் பதிப்பில் ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்பதையும் இரண்டு வரியில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் ஒற்றைக் காலில் நின்றார். அவருக்கு அலுவலகத்தில் ‘காற்புள்ளி’ என்று பெயர். ஒரு காற்புள்ளி இடம் மாறிக் கிடந்தால் மனிதருக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

அகராதிக்காரி என்பது அவள் அண்ணன் சிறுவயதில் வைத்த பட்டம். படிக்கிற வயதில் எதற்கெடுத்தாலும் அர்த்தம் கேட்டுப் பிராணனை வாங்கியவள். அவளே பின்னால் அகராதி வேலைக்குப் போனதால் பட்டம் பலித்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

தடித்த மூலநூல்களைப் பிரித்துவைத்துக்கொண்டு அவள் அந்தச் சொல்லின் வேரைத் தேடினாள். வேரில் ஏழும் இல்லை, நாளும் இல்லை. வளைதல், திரும்புதல், ஒருவர் போய் இன்னொருவர் வருதல், அவ்வளவுதான். வைஸ் கேப்டன் என்கிறோமே, அந்த ‘வைஸ்’கூட இதற்குத் தூரத்து உறவாம். ஒருவர் இடத்தில் இன்னொருவர். வடக்குக் கடலோர மக்கள் படகு வலிக்கும்போது, ஒரு கூட்டம் களைத்து எழுந்து அடுத்த கூட்டம் துடுப்பைப் பிடிக்கும் வரை கடந்த தூரத்துக்கும் இந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள் என்று சிலர் கருதுகிறார்கள். ஏழு நாள் கணக்கு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. ஆதியில் அது வெறும் முறை. உன் முறை, என் முறை.

படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கண்டுபிடிக்க இத்தனை புத்தகம் தேவையா, எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் வாரம் என்றால் முறைதான். அப்பாவுக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தன்பாட்டுக்குப் படியிறங்கிப் போய், பேருந்து நிலையத்தில் யாரோ கண்டுபிடித்து அழைத்துவந்தார்கள். அதிலிருந்து அவரைத் தனியாக விடுவதில்லை. ஒரு திங்கள் முதல் அடுத்த திங்கள் வரை மகள். அதற்கடுத்த திங்கள் வரை மகன். அகராதிக்காரி தன் வாரத்தில் திருத்த வேண்டிய தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அப்பாவின் வீட்டுக்கே போய்விடுவாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவன் வாரத்தில் பகலில் அண்ணி இருப்பாள், வேலை முடிந்து அவன் வருவான்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு கோணல், அண்ணனும் தங்கையும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா இறந்த மறுமாதம், அம்மாவின் தையல் மெஷினை அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டான். துருப்பிடித்த மெஷின்தானே என்றான். துருப்பிடித்தது மெஷின் இல்லை, நீதான் என்றாள் இவள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அன்றோடு முகம் பார்ப்பது நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் தந்தி பாஷையில் ஒரு வரி, அதற்குப் பதில் ‘சரி’.

முகத்தில் முழிக்கக் கூடாது என்பதற்காகவே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். திங்கள் காலை எட்டு மணிக்கு இருப்பவர் வெளியில் பூட்டிவிட்டு, சாவியை மீட்டர் பெட்டியின் மேலே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்கு அடுத்தவர் வந்து திறக்க வேண்டும். நடுவில் அந்த ஒரு மணி நேரம் அப்பா தனியே இருப்பார். அப்போது அவர் அடுப்பைத் தொடாமல், கதவை இடிக்காமல் இருக்க அகராதிக்காரி ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்பா முப்பது வருடம் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் மோட்டார் பார்த்தவர். அங்கே போகிற ஆள் ‘ஒப்படைச்சாச்சு’ என்று சொல்ல வேண்டும், வருகிற ஆள் ‘ஏத்துக்கிட்டாச்சு’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இரண்டும் சொல்லாமல் யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது. மகள் பெயர் மறந்த பிறகும் அப்பாவுக்கு அது மறக்கவில்லை. அதனால் கிளம்பும்போது அவரைக் கூடத்தில் சுவிட்ச் போர்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்த்தி, “ஒப்படைச்சாச்சுப்பா” என்பாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஏத்துக்கிட்டாச்சு” என்பார். அப்புறம் அடுத்த ஆள் வந்து அதே சொல்லைச் சொல்லும் வரை அசையமாட்டார். ஒரு வரி போனில் தட்டி அண்ணனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ‘சரி’ என்று பதில் வந்தது.

நேற்று காலையும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சரி, சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். காற்புள்ளிக்குப் பிடித்த மாதிரி எளிமையாக இருக்க வேண்டும். அவள் எழுதினாள்: ‘போன வாரம் என் முறை. இந்த வாரம் அண்ணன் முறை.’ எழுதிவிட்டு, வேர்ப்பொருளுக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒரு தரம் ரசித்தாள். வாரம் என்பது கட்டம் இல்லை, முறை. நாள்காட்டியில் இருப்பது அல்ல, மாறி மாறி வருவது.

நாள்காட்டி என்று நினைத்ததும் கை நின்றது.

அப்பா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு நாள்காட்டி இருந்தது. வருட ஆரம்பத்திலேயே வாரம் விட்டு வாரம் வண்ணம் அடித்து வைத்தது. அவள் வாரத்துக்குச் சிவப்பு மை, அண்ணன் வாரத்துக்கு நீலம். சென்ற மாதம் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு சிவப்பு வாரத்தை அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த நீல வாரத்தை இவள் எடுத்துக்கொண்டாள். ‘மாத்திக்கலாமா’ என்றாள், ‘சரி’ என்றான். அந்த நீல வாரம்தான் நேற்று முடிந்தது. நான் இருந்தாயிற்று, இனி அவன் முறை என்று நினைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் சுவரில் நீலத்துக்கு அடுத்த கட்டம் என்ன வண்ணம்?

சிவப்பு.

அவள் முறையைப் பார்த்தாள். அவன் கட்டத்தைப் பார்த்திருப்பான். அப்படியானால் நேற்று ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை.

சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது, வராமல் இருந்திருந்தால் ஒரு வரியாவது அனுப்பியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதற்கு அனுப்புவான்? தங்கை அங்கே இருக்கிறாள் என்று நினைப்பவன் எதற்கு அனுப்புவான்? அண்ணனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. லிஃப்ட் குழிக்குள் இருப்பான். அண்ணிக்குப் போட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

அண்ணி பதறிப்போய் எடுத்தாள். “என்னம்மா, மாமாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

அந்த ஒரு கேள்வியிலேயே பதில் இருந்தது. ஆனாலும் கேட்டாள். “அண்ணி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“வீட்லதான். ஏன்? இந்த வாரம் நீதானே?”

“இல்ல அண்ணி. நான் நேத்து காலையிலயே பூட்டிட்டு வந்துட்டேன்.”

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. “ஐயோ. நேத்தேவா?” என்றாள் அண்ணி.

காற்புள்ளி மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்ப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. வாடகைக் கார் கிடைத்தது. வழி சொன்னாள், அப்பா தனியாகப் பூட்டிக் கிடக்கிறார், சீக்கிரம் போங்கள் என்றாள். அதற்கப்புறம் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. பயத்துக்கு அதைவிடத் தோதான நேரம் ஏது?

எல்லாம் வரிசையாக வந்தன. சிலிண்டரை மூடினாளா? மூடியதாக ஞாபகம். அது நேற்றைய ஞாபகமா, போன தடவை மூடியதா? குளியலறைத் தரை ஈரமாக இருந்தது, அவள்தான் கடைசியாகக் குளித்தாள், துடைக்கவில்லை. சர்க்கரை மாத்திரை மேஜைமேல். அதை மொத்தமாக விழுங்கியிருந்தால்? ஒன்றுகூடப் போடாமல் இருந்தால்? எதிர்வீடு இரண்டு மாதமாகக் காலி. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. கூப்பிட போனும் இல்லை. கண்டவர்களுக்கும் போன் போடுகிறார் என்று அதைப் பிடுங்கி வைத்ததும் அவள்தான். ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி பாதிப் பகல். தீ ஏதாவது பிடித்தால்கூட வெளியே வர முடியாது. பூட்டு வெளியே அல்லவா தொங்குகிறது. நல்ல கனமான பூட்டு, அவளே தேடிப்பிடித்து வாங்கியது.

சிக்னலில் கார் நின்றபோது போன் அடித்தது. அண்ணன்.

“ஏய், உனக்கு அறிவிருக்கா? சுவத்துல பாக்கலையா? சிவப்பு மை யாருது?”

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. “போன வாரம் யாரு இருந்தது? நான் இருந்தேன்ல? அப்ப இந்த வாரம் உன் முறைதானே? ரெண்டு வாரம் சேந்தாப்ல நான் எதுக்கு இருக்கணும்?”

“நீ கேட்டதால நான் ரெண்டு வாரம் சேந்தாப்ல இருந்தேன். அப்ப நீயும்தானே இருக்கணும்? மாத்திக்கலாம்னுதானே சொன்ன, முறையையே திருப்பிப் போடலாம்னா சொன்ன?”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நீ மட்டும் கேட்டியா?”

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “சண்டையை அப்புறம் வச்சுக்குங்கம்மா. அந்த மனுஷன் அங்க தனியா இருக்காரு.”

போனில் அண்ணன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. “நான் வந்துட்டிருக்கேன்” என்றான். அந்தக் குரலில் கோபம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. அண்ணன் பயந்து அவள் பார்த்ததில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கீழேதான் நின்றது. அதற்குள் போய்க் கதவு மூடும் வரை நிற்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். ஏறிய வேகம் கடைசித் திருப்பத்தில் போன இடம் தெரியவில்லை. வாசலில் இன்றைய பேப்பர் சுருட்டியபடி கிடந்தது. கேஸ் வாடை இல்லை. புகை இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். டிவி, குழாய், இருமல், எதுவானாலும் பரவாயில்லை.

மீட்டர் பெட்டியின் மேல் கையை விட்டுத் துழாவினாள். சாவி அவள் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே இருந்தது. ஒருவேளை யாராவது வந்திருப்பார்களோ என்று கடைசி வரை ஒட்டியிருந்த நப்பாசை அதோடு போயிற்று.

“அப்பா” என்று கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாவது தரம் நுழைந்தது. திறந்துவிட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிற இந்த ஒரு நிமிடத்தில் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார். அதற்காகவே கொஞ்சம் நின்றாள். வெட்கக்கேடுதான், ஆனால் நின்றாள். அப்புறம் திருகினாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார்.

சுவிட்ச் போர்டுக்குக் கீழே, நிமிர்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, கண்ணைக் கதவில் நிறுத்தி. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தாள்.

“லேட்டு” என்றார் அப்பா.

குரல் காய்ந்துபோய், காகிதம் உரசுகிற மாதிரி வந்தது. அவள் ஓடிப்போய் அவர் காலடியில் விழாத குறையாக உட்கார்ந்தாள். பேன்ட் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உதடு வெடித்திருந்தது. வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து, ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்கு ஓடினாள். சிலிண்டர் மூடியிருந்தது. மேஜைமேல் மாத்திரையும் வாழைப்பழமும் நேற்று வைத்தபடியே இருந்தன. சுவரில் நாள்காட்டி. நேற்றிலிருந்து ஞாயிறு வரை, பள்ளிப் பிள்ளை அடித்த மாதிரி, கோட்டைத் தாண்டாமல் சிவப்பு. அடித்தவள் அவளேதான்.

தண்ணீரை அப்பா சின்னச் சின்ன மிடறாகக் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

“எந்திரிங்கப்பா. உள்ள வந்து படுங்க. உடம்பு துடைச்சு விடறேன்.”

“மாத்து ஆள் வரல.”

“நான்தாம்பா மாத்து ஆள். ஏத்துக்கிட்டாச்சு. போதுமா? எந்திரிங்க.”

அப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மகளைப் பார்க்கிற பார்வை இல்லை, வேலைக் கூட்டாளியைப் பார்க்கிற பார்வை. “நீங்க போன ஆளு. நேத்து நீங்கதானே என்கிட்ட ஒப்படைச்சீங்க? வர்ற ஆளு வந்துதான் ஏத்துக்கணும். அதுதானே முறை?”

தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருபத்துச் சொச்சம் மணி நேரம் சாப்பிடாத உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ஒரு மணி நேரத்துக்காக அவள் போட்ட கட்டு அது. அவிழ்க்க அவளுக்கே வழி இல்லை. அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா ஏதோ மோட்டார் சத்தத்தைக் கவனிக்கிறவர்போலத் தலையைச் சாய்த்து வைத்திருந்தார்.

படியில் கனத்த காலடி கேட்டது. அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கையெல்லாம் கிரீஸோடு வாசலில் வந்து நின்றான். முதலில் அப்பாவைப் பார்த்தான். பிறகு தங்கையை. மூன்று வருடத்தில் அவனுக்கு மீசை நரைத்திருந்தது. சொல்ல வேண்டும் என்று வழிநெடுக அவன் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் முகத்திலிருந்து வடிந்து போவதை அவள் பார்த்தாள்.

“சொல்லுண்ணா. நீ சொன்னாத்தான் எந்திரிப்பாரு” என்றாள்.

அவன் அப்பாவின் முன்னால் போய் நின்றான். வாய் கோணிக்கொண்டது. “ஏத்துக்கிட்டாச்சு” என்றான்.

அப்பாவின் தோள் தொங்கியது. நாற்காலியின் கையை விட்டார். எழப்போனவருக்குக் கால் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் அவரைப் பிடிப்பது அம்மாவைத் தூக்கிப் போன நாளுக்குப் பிறகு இப்போதுதான். நடுவில் தொங்கியபடியே அப்பா வந்த ஆளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். நிலையத்தில் அதுவும் கட்டாயம்.

“மோட்டார் நல்லா ஓடுச்சு. பிரஷர் குறையல. சூடு இல்ல.” மூச்சு வாங்கினார். “ராத்திரி கொஞ்சம் பயமா இருந்துச்சு. லைட் எங்கன்னு தெரியல. கதவைத் திறந்து பாத்தேன், வரல. தட்டுனேன். ரொம்ப நேரம் தட்டுனேன்.”

அகராதிக்காரி அவர் கையைப் பார்த்தாள். தோல் உரிந்த முட்டிகளைப் பார்த்தாள். அப்புறம் கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். அவர் தோள் உயரத்தில், வெள்ளைப் பெயின்ட்டில், பழுப்பாக ஒரு திட்டு இருந்தது.

“கூப்பிட்டும் பாத்தேன். ரெண்டு பேரு இருக்காங்க, கூப்பிட்டா ஓடி வருவாங்க. சின்னப் பசங்க. பேருதான் வாயில வரல. பேரு தெரியாம எப்படிக் கூப்பிடறது? சும்மா சத்தம் போட்டேன். அப்புறம் டூட்டில இருக்கறவன் சத்தம் போடலாமான்னு வந்து உக்காந்துட்டேன்.”

அண்ணன் ஹெல்மெட்டுக்குள் விம்மினான்.

கட்டிலில் படுக்க வைத்ததும் அப்பா அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம்போலச் சொன்னார்.

“அந்தப் பசங்க வந்தா பூட்டி வச்சிராதீங்க. இருட்டுன்னா அதுங்களுக்குப் பயம்.”

அவர் தூங்கும் வரை இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இது யாருடைய வாரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவு திறந்தபடியே இருந்தது. பூட்டும் சாவியும் அதன் வெளிப்புறத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.